மாரிக்கு முந்திய புல்வேலை: மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சிறிய கோல்ஃப் புற்றரை

2024ஆம் ஆண்டின் மாரியை எங்கள் வளவிலுள்ள மூன்று கிரீன்களில், அதாவது கோல்ஃப் குழியைச் சுற்றிய புற்பரப்புகளில், இரண்டு பெரிய சேதம் இன்றிக் கடந்துவிட்டன. மூன்றாவதின் வாவிப்பக்க ஓரத்தில் மட்டும் ஏறத்தாழ 40 சதுர மீற்றர் புல் வேரோடு அழுகிப்போயிற்று. இரண்டு பிழைத்ததற்கும் ஒன்றின் ஓரம் போனதற்கும் காரணம் கையில் எடுத்துக் காட்டக்கூடிய அளவுக்குத் தெளிவாக இருப்பதால், செய்த வேலையை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். கிழக்குக் கரையில் பள்ளிக்கூட மைதானமோ, கிரிக்கெட் ஆடுகளமோ, விடுதிப் புற்றரையோ எதைப் பராமரிப்பவருக்கும் இதே மண்ணும் இதே மழையும்தான் எதிரே நிற்கின்றன.

இடத்தை முதலில் சொல்ல வேண்டும். எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் உள்ள ஒரு விடுதியின் வளவு அது. விருந்தினர் மாலையில் பந்தடித்துப் பழகுவதற்காக மூன்று குழிகள் மட்டும் உண்டு. மிக நீளமான ஆட்டப்பாதையே 90 மீற்றரைத் தாண்டாது. குழியைச் சுற்றிப் புல்லை மிகத் தாழ்வாக வெட்டிப் பாய் விரித்தாற்போல் வைத்திருக்கும் பகுதியைத்தான் கிரீன் என்கிறோம். மூன்று கிரீன்களும் சேர்ந்து 450 சதுர மீற்றர் வரும். புல், அறுகின் நெருக்கமான கலப்பின வகை. வாவியோரச் சரிவில் மட்டும், உப்பைத் தாங்கி வெப்பமண்டலக் கரையோரங்களில் இயல்பாகவே வளரும் பஸ்பாலம் புல்லை விட்டிருக்கிறோம். மேல்மண் முக்கால் முழம் வரை நல்ல மணல். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பிசுபிசுத்த களி. ஓகஸ்ட் மாதத்தில் ஆளுயரத்துக்குத் தோண்டினால்தான் நிலத்தடி நீரைக் காணலாம். டிசம்பரில் மண்வெட்டியின் முதல் வெட்டிலேயே நீர் ஊறும்.

வளைகுடா நாடொன்றில் கோல்ஃப் மைதானத்தில் புல்வேலை செய்த ஆண்டுகளில், குளிர்காலத்துக்கு ஆயத்தம் செய்வது எப்படி என்பதை நான் நன்றாகப் பழகியிருந்தேன். அங்கே நிலம் குளிர்ந்ததும் அறுகு பழுத்து உறங்கிவிடும் என்பதால், ஒக்டோபரில் அதை ஒட்ட வெட்டி, மேலே ரைகிராஸ் என்னும் குளிர்காலப் புல்லின் விதையைத் தூவி, குளிர்காலம் முழுவதும் அந்தப் பச்சையில் ஆட்டம் நடத்துவார்கள். உறைபனி விழும் நாடுகளில் வேலை வேறு மாதிரி: நைதரசன் உரத்தை முன்கூட்டியே நிறுத்துவார்கள், வெட்டும் உயரத்தைக் கூட்டுவார்கள், நீர்க்குழாய்களில் அமுக்கக் காற்றை ஊதி உள்ளே ஒரு சொட்டும் நிற்காமல் செய்வார்கள், பனி உறைந்த புல்லின் மேல் யாரையும் கால்வைக்க விடமாட்டார்கள். நம் நாட்டிலும் 1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் கழகம் இருக்கும் மலைப்பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரிக் காலைகளில் துகிற்பனி படிவதுண்டு. மட்டக்களப்பில் டிசம்பர் இரவுகூட 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அறுகு இங்கே உறங்குவதே இல்லை. இங்கே அதற்கு வரும் கேடு வெயில் குறைவதாலும் வேரில் நீர் நிற்பதாலும் வருவது. ஆனால் வேலையின் ஒழுங்கு இரண்டிடத்திலும் ஒன்றுதான் என்பதை இந்தமுறை உறுதியாகக் கண்டுகொண்டேன்: புல் இன்னும் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும்போதே அதைக் காயப்படுத்தும் வேலைகள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும்.

மட்டக்களப்பில் ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையில் பெரும்பங்கு நவம்பர் முதல் ஜனவரி வரைக்குள்ளேயே கொட்டிவிடுகிறது. ஒக்டோபரில் பின்னேர இடிமழை தொடங்கும். அது புல்லுக்கு நல்லது. ஆகவே ஒக்டோபர் 10ஆம் திகதியை எல்லையாக வைத்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வேலைகளை அடுக்கினேன். துளையிட்ட காயம் மூடுவதற்கு வெயிலுள்ள மூன்று வாரமாவது வேண்டும் என்பதால், செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் துளையிடும் வேலை முடிந்தாக வேண்டும்.

துளையிடுவதுதான் முதல் வேலை. மற்றவை எல்லாம் அதன்மேல் தங்கியிருக்கின்றன. கோடை முழுவதும் விருந்தினரின் கால்பட்டு இறுகிய மேற்படையில் சிறு குழாயளவு மண்ணை உருவி எடுத்து, அந்தத் துளைக்குள் சுத்தமான மணலை நிரப்பினால், மழைநீர் மேலே தேங்காமல் கீழே இறங்கும்; வேரும் அந்த மணலைப் பிடித்துக்கொண்டு ஆழமாகப் போகும். பெரிய மைதானங்களில் இதற்கென்று இயந்திரம் உண்டு. எங்களுக்கு வெல்டிங் கடையில் 4,500 ரூபாவுக்கு ஒரு மிதி முள் செய்வித்தேன்: அரை அங்குல ஜி.ஐ. குழாயில் 12 சென்ரிமீற்றர் நீளத்தில் மூன்று துண்டுகள், 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஓர் இரும்புச் சட்டத்தில் ஒட்டப்பட்டு, மேலே இரண்டு கைக்கும் பிடி, சட்டத்தில் கால் வைத்து அழுத்த இடம். குழாயின் நுனியை வெளிப்புறமாகச் சரித்து அராவியதால் அது மண்ணைப் பிதுக்காமல் வெட்டிக்கொண்டு இறங்கியது.

ஆனால் முதல் வரிசை முடியுமுன்பே குழாய்க்குள் ஏறிய மண் வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு மிதிக்கும் கம்பியால் குத்தி எடுப்பதானால் வேலை ஒருநாளும் முடியாது. மறுபடியும் கடைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு குழாயின் ஒரு பக்கத்திலும் நுனியிலிருந்து மூன்று விரல் மேலே தொடங்கி, ஒரு விரல் அகலத்தில் நீளமாக ஒரு வாயை வெட்டிவித்தேன். அதன் பிறகு அடுத்த மிதியில் ஏறும் மண், முந்திய மண்ணை அந்த வாய்வழியாகத் தானாகவே தள்ளிவிட்டது. முறுக்குப் பிழிவதுபோல் கறுப்பும் மஞ்சளும் கலந்த மண் உருளைகள் புல்லின் மேல் வரிசையாக விழுந்தன. சதுர மீற்றருக்கு 100 துளை, 8 சென்ரிமீற்றர் ஆழம். மொத்தம் 45,000 துளைகள், அதாவது 15,000 மிதி. இரண்டு பேர் மாறி மாறி, காலையில் வெயில் ஏறும்வரையும் பின்னேரமும் செய்ய வேண்டிய வேலை. முதல் நாள் மாலையில் தண்ணீர் ஊற்றி நனைத்த மண்ணில் முள் மெழுகில் இறங்குவதுபோல் இறங்கும். காய்ந்த மண்ணில் முழங்கால்தான் நோகும்.

விழுந்த உருளைகளை அப்படியே விடக்கூடாது. அவற்றில் ஒன்றை உடைத்துப் பார்த்தால் மேலே ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குப் பழைய தண்டும் வேரும் அடர்ந்த பழுப்புப் படை இருந்தது. மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சணத்துக்கு இடங்கொடுப்பது அந்தப் படைதான். தும்புத்தடியால் கூட்டி, தள்ளுவண்டியில் ஏற்றி, வாழைக்கு அடியில் கொட்டினோம்.

மணலைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணமும் பிழையும் அதிகம் போகக்கூடிய இடம் இதுதான். கோல்ஃப் கிரீனுக்குரிய மணலில் பெரும்பகுதி கால் மில்லிமீற்றருக்கும் ஒரு மில்லிமீற்றருக்கும் இடைப்பட்ட துணிக்கைகளாக இருக்க வேண்டும். அதைவிட நுண்ணியது துளைகளை அடைத்துவிடும். அதைவிடப் பருத்தது வெட்டும் அலகைப் பழுதாக்கும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் இருப்பதால் அதை நினைத்தே பார்க்கக்கூடாது. அள்ளுவதற்கு அனுமதியும் இல்லை. ஆற்றுமணலை, அனுமதிப்பத்திரத்தோடு ஏற்றும் ஒருவரிடம் கியூப் ஒன்று 18,000 ரூபாவுக்கு, கொண்டுவந்து கொட்டும் கூலியோடு வாங்கினேன். தேவையைக் கணக்கிட்டது இப்படி: துளைகளை நிரப்ப ஒரு கன மீற்றருக்குச் சற்று மேல், மேலே 5 மில்லிமீற்றர் கனத்துக்குத் தூவ 2.25 கன மீற்றர். கியூப் ஒன்று 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். அரிக்கும்போது நாலில் ஒரு பங்கு கழிந்துவிடும் என்று வைத்து இரண்டு கியூப் இறக்கினேன். மிச்சம் புல் நடும்போது உதவிற்று.

மேசன்மார் பூச்சுக்கு மணல் அரிக்கும் அரிதட்டில் 2 மில்லிமீற்றர் வலையை மாட்டி அரித்தோம். மணல் ஒரு கைப்பிடியில் எவ்வளவு மாசுடையது என்று பார்க்க, கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மேலே தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி ஓர் இரவு வைத்தாலே போதும். காலையில் மணலுக்கு மேலே படியும் சேற்றுப் படை போத்தலின் மணலுயரத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மணலைத் திருப்பி அனுப்பிவிடுவேன். வந்த மணல் ஈரமாக இருந்ததால் தும்புத்தடிக்கு அசையாமல் கட்டிகட்டியாக நின்றது. தார்ப்பாயில் பரப்பி ஒரு வெயில் காயவைத்த பிறகு, மாவுபோல் ஓடி துளைகளுக்குள் தானே விழுந்தது. 5 மில்லிமீற்றரையும் ஒரேயடியாகப் போட்டால் தாழ்வாக வெட்டிய புல் மூச்சுமுட்டும். இரண்டு வார இடைவெளியில் பாதி பாதியாகப் போட்டு, பழைய தும்புப் பாய் ஒன்றைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துச் சமப்படுத்தினோம்.

உரத்தில் சிக்கனம் வேண்டும். துளையிடுவதற்கு ஒரு வாரம் முன்பு 2 கிலோ யூரியாவை மருந்தடிக்கும் தாங்கியில் கரைத்து மூன்று கிரீன்களுக்கும் பகிர்ந்து தெளித்தேன். சதுர மீற்றருக்கு 2 கிராம் நைதரசன் என்ற கணக்கு. காயம் மூடுவதற்கு அது போதும். அதற்குப் பிறகு ஜனவரி முடியும்வரை நைதரசனே இல்லை. முகில் மூட்டத்தில் நைதரசன் போட்டால் இலை நீர்ச்சத்தோடு மெலிந்து நீண்டு வளரும். பூஞ்சணம் முதலில் தேடிவருவது அதைத்தான். தண்டையும் வேரையும் திடப்படுத்துவது பொட்டாசியம். வயற்காரர் எம்.ஓ.பி. என்று சொல்லும் பொட்டாசியம் குளோரைட்டு உரத்தில் 3 கிலோவை இரண்டாகப் பிரித்துப் போட்டேன். ஆனால் அதில் குளோரைட்டு இருக்கிறது. செப்டெம்பரில் எங்கள் கிணற்று நீரே உவர்ப்பாகியிருந்தது. உப்பின்மேல் உப்பைப் போடாமல், ஒக்டோபரின் முதல் இரண்டு இடிமழை மண்ணைக் கழுவும்வரை பொறுத்திருந்துதான் போட்டேன். பணவசதி உள்ளவர்கள் இந்த மண்ணுக்குப் பொட்டாசியம் சல்பேற்று வாங்குவதே நல்லது.

வெட்டும் உயரம் கோடையில் 6 மில்லிமீற்றர். செப்டெம்பர் கடைசியிலிருந்து வாரத்துக்கு ஒரு மில்லிமீற்றராகக் கூட்டி 10க்குக் கொண்டுவந்தேன். பந்து ஓடும் வேகம் குறையும் என்று விடுதிக்காரர் விரும்பவில்லை. ஆனாலும் இலைப்பரப்பு கூடினால்தான் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் புல் தன் உணவைச் செய்யும். மழைக்காலத்தில் வெளிச்சத்தைக் கூட்ட நம்மால் முடியாது, இலையைக் கூட்டலாம்.

இனி வடிகான். முதலாவது, இரண்டாவது கிரீன்கள் வீதிப்பக்க மேட்டில் இருப்பதால் ஓரமாக மண்வெட்டியால் இழுத்த ஆழமற்ற வாய்க்காலே அவற்றுக்குப் போதுமாயிருந்தது. மூன்றாவது கிரீன் வாவிப்பக்கம். அதன் தாழ்ந்த ஓரம் வாவியின் கோடைகால நீர்மட்டத்திலிருந்து 80 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதை மட்டக்குழாய் பிடித்து அளந்தோம். அந்த ஓரத்திலிருந்து வாவிவரை 24 மீற்றர். தொடக்கத்தில் 45 சென்ரிமீற்றர் ஆழத்தில் கான் வெட்டி, 100க்கு 1 என்ற சரிவில் கொண்டுபோனால் முடிவில் 24 சென்ரிமீற்றர் இறக்கம் வரும். அப்படியானால் குழாயின் வாய் வாவி நீருக்கு மேலே 11 சென்ரிமீற்றரில் நிற்கும். காகிதத்தில் இது சரியாகவே இருந்தது.

4 அங்குல பி.வி.சி. குழாய் நாலு நீளம் வாங்கி, இரும்பறுக்கும் வாளால் அடிப்பக்கமாக ஒரு சாணுக்கு ஒரு கீறல் போட்டோம். கானின் அடியில் முக்கால் அங்குலக் கருங்கல் சல்லி நாலு விரல் கனத்துக்கு, அதன்மேல் குழாய், சுற்றிலும் மீண்டும் சல்லி, மேலே தென்னந்தும்பு ஒரு படை, பிறகு அரித்த மணல். மேல்மட்டம் வரை களியைப் போட்டு மூடாமல் மணலையே போட்டதால் மேற்பரப்பு நீரும் கானுக்குள் இறங்க வழி கிடைத்தது. மழைக்கு முன் மூன்று பரல் தண்ணீரைக் கிரீன் ஓரத்தில் கவிழ்த்துப் பார்த்தோம். சற்றுநேரத்தில் வாவிப்பக்க வாயில் தெளிந்த நீர் ஓடத் தொடங்கிற்று.

அப்போது கரையில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, வாவி ஏறினா உண்ட குழாயால தண்ணி வெளிய போகாதுகா, உள்ளுக்குத்தான் வரும்" என்றார். பாலமீன்மடு முகத்துவாரத்தில் மணல் அடைத்துக் கிடக்கும்போது மாரி வெள்ளம் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து இறங்கினால், அந்த மணல்திட்டு வெட்டுப்பட்டு வாவி கடலோடு சேரும்வரை நீர் ஏறிக்கொண்டே இருக்கும். வாவியில் தொழில் செய்பவர்களுக்கு அது பாடமான விடயம். அவர் சொன்னதை ஏற்று, குழாயின் வாயில் ஒரு மடிப்புக் கதவு செய்தேன்: பழைய லொறி ரியூப்பின் இறப்பரை வட்டமாக வெட்டி, குழாய் மூடியொன்றின் விளிம்பில் மேற்பக்கம் மட்டும் இரண்டு ஆணி போட்டு முடுக்கினால், உள்ளிருந்து வரும் நீர் அதைத் தள்ளித் திறக்கும், வெளியிலிருந்து வரும் நீர் அதை அழுத்தி மூடும். செலவு 600 ரூபாதான். வாளியில் அமிழ்த்திப் பார்த்தபோது ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. கரையில் ஒரு தடியை நட்டு, 5 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக வெள்ளை வர்ணமும் அடித்துவைத்தோம்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். குழிக்குள் இருக்கும் கிண்ணங்களையும் கொடிக்கம்புகளையும் ஒக்டோபர் கடைசியில் கழற்றிவிட்டு, 108 மில்லிமீற்றர் விட்டமுள்ள அந்தக் குழிகளில் அதே அளவுக்கு வெட்டிய புல் அடைப்பை இறக்கி, சுற்றுமட்டத்தோடு சமமாக மிதித்துவிட்டோம். மணற்குழி ஒன்றுதான் உண்டு. அதற்கு மேற்பக்கம் ஒரு சிறு வரம்பு கட்டி ஓடுநீரைத் திருப்பினோம். வெட்டும் இயந்திரத்தின் பெற்றோலை வடித்து, எண்ணெய் மாற்றி, உருளை அலகுக்குக் கிரீஸ் பூசி, தரையிலிருந்து மூன்று சீமெந்துக் கல் உயரத்தில் ஏற்றிவைத்தோம். முதலாவது கிரீனுக்கு வடகிழக்கே ஐந்தடி உயரத்துக்குக் கிடுகு வேலி கட்டினோம். வாடைக் காற்று கடலிலிருந்து அள்ளிவரும் உப்புத்தூவல் சென்ற ஆண்டு அந்தப் பக்க இலைநுனிகளையெல்லாம் கருக்கியிருந்தது. கிடுகுகளுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். காற்றை முற்றாக மறித்தால் இலை காயாது, பூஞ்சணம் பிடிக்கும்.

2024 நவம்பர் கடைசி வாரத்தில் வந்த ஆழ்ந்த தாழமுக்கத்தின்போது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெய்த மழையையும் அதனால் வந்த வெள்ளத்தையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஊரே தண்ணீரில் நின்ற அந்த நாட்களில் புல்லைப் பார்க்கப் போகும் நிலை எங்களுக்கும் இருக்கவில்லை. வீதி திறந்தபின் போய்ப் பார்த்தபோது முதலாவது, இரண்டாவது கிரீன்களில் கொஞ்ச நீரும் நிற்கவில்லை. துளைகளில் நிரம்பிய மணல் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிய, அவற்றைச் சுற்றிப் புது இலை விட்டிருந்தது. கரையில் நட்ட தடியில் நீர் கோடைமட்டத்துக்கு மேல் 55ஆம் கோட்டைத் தாண்டி நின்றது. மூன்றாவது கிரீனின் தாழ்ந்த ஓரத்தில் கால்வைத்தால் கணுக்கால் வரை சேறு.

குழாயின் வாய் நீருக்கடியில் இருந்தது. கையை விட்டுத் தடவியபோது இறப்பர் மடிப்புக்கும் குழாய் விளிம்புக்கும் நடுவே ஆற்றுவாழை என்னும் மிதக்கும் நீர்ச்செடியின் வேர்க்கொத்து ஒன்று புகுந்து, கதவை இரண்டு விரல் திறந்தபடி பிடித்துவைத்திருந்தது. வெள்ளத்தோடு ஆற்றுவாழை கூட்டங்கூட்டமாகக் கரையொதுங்கும் இடம் அது. அந்த இரண்டு விரல் இடைவெளி வழியாக வாவி நீர், சல்லிப் படை முழுவதையும் நிரப்பிக்கொண்டு கிரீனின் வேருக்கடியில் வந்து நின்றிருக்கிறது. வேரை இழுத்தெடுத்ததும் இறப்பர் பட்டென்று மூடிக்கொண்டது. ஆனால் மூடியபின் இன்னொன்று விளங்கிற்று: வெளிநீர் வராவிட்டாலும் உள்ளே பெய்த மழைநீர் போவதற்கு இடமில்லை. மடிப்புக் கதவு அரைவேலைதான். உள்நீரை இறைத்து வெளியேற்றும் கிணறு ஒன்று அதோடு சேர்ந்தால்தான் அது முழுவேலை.

அன்று கையிலிருந்ததை வைத்துச் செய்தோம். கிரீன் ஓரத்துக்கு அருகே குழாயைத் தோண்டி வெட்டி, சுற்றிலும் துளைபோட்ட பிளாஸ்ரிக் பீப்பாய் ஒன்றை அந்த இடத்தில் புதைத்து, அதற்குள் வயலுக்கு நீர் இறைக்கும் 2 அங்குலப் பெற்றோல் பம்பின் உறிஞ்சு குழாயை இறக்கினோம். பம்பு நாள் வாடகை 2,000 ரூபா, பெற்றோல் வேறு. மின்சாரம் நின்றிருந்த நேரத்தில் மின்பம்பு இருந்தும் பயனில்லை. காலையும் மாலையும் இறைக்க இறைக்கச் சேறு இறுகத் தொடங்கிற்று. ஒரு வாரத்துக்குள் கால் புதையாமல் நடக்க முடிந்தது. ஆனால் நீர் முதலில் நின்ற அந்த 40 சதுர மீற்றரில் இலை மஞ்சளாகி, தோண்டிப் பார்த்தால் வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அது போனதுதான் என்று முடிவுசெய்து மற்றதைக் காப்பதில் கவனம் வைத்தோம்.

டிசம்பரில் செய்ய வேண்டியது அதிகமில்லை, செய்யக்கூடாததுதான் அதிகம். நீரூறிய கிரீனில் யாரும் நடக்கவும் இல்லை, இயந்திரம் ஏறவும் இல்லை. மேட்டுநிலம் தேடிவந்த மாடுகள் முட்கம்பியைத் தாண்டி ஒரு தடவை இரண்டாவது கிரீனில் ஏறிவிட்டன. குளம்புக் குழிகளைக் கண்டதும் அடியிலிருந்து கெம்பித் தூக்கத்தான் கை போகும். அப்படிச் செய்தால் வேர் அறுந்து நடுவில் சொட்டை விழும். பந்து விழுந்த பள்ளத்தைத் திருத்துவதுபோல், இருமுள் கருவியை ஓரங்களில் குத்தி, புல்லோடு கூடிய மண்ணை நாலு பக்கமிருந்தும் நடுவை நோக்கித் தள்ளி, கையடியால் மெல்லத் தட்ட வேண்டும். ஈரமண்ணில் இது நன்றாகவே சேர்ந்துகொண்டது. மழை விட்ட காலைகளில் மண்புழு எச்சங்கள் குவிந்து கிடக்கும். ஈரத்தில் மிதித்தால் அவை சப்பளிந்து புல்லை மூடிவிடும். வெயில் பட்டு உலர்ந்தபின் தும்புத்தடியால் லேசாக ஒரு வீச்சு வீசினால் தூளாகிப் பரவிவிடும். ஜனவரியில் விடியற்பனி தொடங்கியதும், நீண்ட மூங்கில் கழியொன்றைக் கிரீனின் மேல் கிடையாக வீசிப் பனிநீரைத் தட்டிவிட்டோம். இலை சீக்கிரம் காய்ந்தால் பூஞ்சண வட்டங்கள் பரவுவது நின்றுவிடுகிறது. இரண்டாவது கிரீனில் கையகல வட்டங்கள் சில தோன்றி, அதோடு நின்றன. மருந்தடிக்க நான் உடன்படவில்லை. எங்கள் கானின் வாய் திறப்பது இறாலும் மீனும் பிடித்து மக்கள் சீவிக்கும் வாவிக்குள்; அங்கே போய்ச் சேரும் எதையும் புல்லின் அழகுக்காகத் தெளிக்க மனம் ஒப்பாது.

மூன்றாவது கிரீனில் பாசி கறுத்து வழுக்கும் தோலாகப் படிந்திருந்தது. தை மாத வெயிலில் அது காய்ந்து சுருண்டதும் தட்டை மண்வெட்டியால் சுரண்டி எடுத்து, அடியில் இருந்த கறுத்த மண்ணை மேலாக அகற்றி, மிச்சமிருந்த அரித்த மணலை நிரப்பினோம். இரண்டாவது கிரீனின் ஓரத்தில் வெட்டியெடுத்த அறுகுக் கொடிகளை இரண்டு கணு மண்ணுக்குள்ளும் ஒரு கணு வெளியேயும் இருக்க, நாலு விரலுக்கு ஒன்றாக நட்டோம். மாசி நடுப்பகுதியில் கொடிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. இப்போது 8 மில்லிமீற்றரில் வெட்டுகிறோம். சித்திரை விடுமுறைக்கு முன் 6க்கு இறக்கிவிடலாம்.

செலவைச் சொன்னால் பிறருக்கு உதவும். மணல் 36,000, குழாய் நாலு நீளமும் மூடி, பசை உட்பட 24,000, சல்லி 8,000, மிதி முள் வாய் வெட்டியதோடு சேர்த்து 5,500, கிடுகும் கம்பும் 9,000, உரம் 1,500, மடிப்புக் கதவு 600, பம்பு வாடகையும் பெற்றோலும் 23,000. கூலி தவிர்த்து ஒரு லட்சத்து 7,600 ரூபா. இதில் பம்புக்குப் போன பணம் கிணறு முன்பே இருந்திருந்தால் மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்கும், புல்லும் போயிராது.

அடுத்த மாரிக்கு மாற்றப்போவது மூன்று. மணலை ஓகஸ்டிலேயே இறக்கிவிட வேண்டும். பெரும்போக வேலை தொடங்கியபின் உழவு இயந்திரமும் பெட்டியும் கிடைப்பது கடினம், மழை தொட்டால் வளவுப் பாதையும் தாங்காது. மடிப்புக் கதவுக்கு வெளியே அரை அங்குலக் கம்பிவலையில் ஒரு கூடு கட்டி ஆற்றுவாழை வேர் அண்டாமல் செய்ய வேண்டும். கூட்டை வாரத்துக்கு ஒருமுறை கையால் துப்புரவாக்க ஏதுவாக, அது மேலே தூக்கி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவது, இறைக்கும் கிணறு: மூன்றடி விட்டமுள்ள சீமெந்து வளையம் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று, இடைப்பொருத்து சாந்து பூசி, அடி கொங்கிரீட் போட்டு மூடி, குழாய் உள்ளே வந்து மறுபக்கம் கதவுவழி வெளியே போகும்படி. கிணற்றின் அடி குழாய்க்குக் கீழே 40 சென்ரிமீற்றராவது இருந்தால்தான் பம்பு காற்றை உறிஞ்சாமல் ஓடும். வளையம் ஒன்று 4,500 ரூபா சொன்னார்கள். நிலத்தடி நீர் மிகக் கீழே இருக்கும் ஓகஸ்டில், களிப்படைக்குள் வெட்டி அவற்றை இறக்குவதாகப் பேசி முடித்திருக்கிறோம்.